மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி மலைக்கு: பெங்களூரைச் சுற்றி அரசு பஸ்ஸில் போய்வரக்கூடிய மலையேற்றங்கள்

பெங்களூரைச் சுற்றிக் கருங்கல் மலை எங்கே இருந்தாலும் அதன் மேல் ஒரு கோயில் இருக்கும். கோயில் இருந்தால் அடிவாரம் வரை அநேகமாக ஒரு பஸ்ஸும் போகும். கார் இல்லை, பைக் இல்லை, தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு நடுராத்திரியில் டெம்போ டிராவலரில் ஏற்றிப்போகும் கும்பலோடு சேரவும் இஷ்டமில்லை என்பவர்களுக்கு இது போதும். சிவகங்கே, சாவனதுர்கா, நந்தி, அந்தரகங்கே நான்கும் காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய தூரம்தான்.

சிக்கல் மலையில் இல்லை, கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் இருக்கிறது. பெங்களூரிலிருந்து தாபஸ்பேட்டை, மாகடி, சிக்கபள்ளாபுரம், கோலார் மாதிரியான ஊர்களுக்கு நாள் முழுக்க பஸ் உண்டு. அங்கிருந்து அடிவாரத்துக்குப் போகும் கிராம பஸ் மட்டும் நம்மை நினைத்து ஓடுவதில்லை. காலையில் கிராமத்து ஆட்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஊருக்குள் கொண்டுவந்து விடும், சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுபோகும். கடைசி டிரிப் பல இடங்களில் கிராமத்திலேயே நைட் ஹால்ட் ஆகிவிடும். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்த்திசை. சாயங்காலம் ஐந்தரைக்கு அடிவாரத்தில் நின்றால் பஸ் வரத்தான் வரும், ஆனால் திரும்பிப் போகாது. இது தெரியாமல் போய் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

முதலில் திரும்பும் பஸ்

திட்டத்தைப் பின்பக்கத்திலிருந்து போடுங்கள்.

1. அடிவாரத்தில் இறங்கியதும் டிக்கெட்டைப் பத்திரப்படுத்துவதற்கு முன்னால் கண்டக்டரிடம், "வாபஸ் ஹோகக்கே லாஸ்ட் பஸ் எஷ்டு கண்டெகே சார்?" (திரும்பிப் போகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு) என்று கேளுங்கள். அதையே பக்கத்து டீக்கடையிலும் ஒருமுறை கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால் டீக்கடைக்காரர் சொல்வதை நம்பலாம், அவர் அந்த பஸ்ஸை தினமும் பார்க்கிறவர்.

2. அவர் சொன்ன கடைசி பஸ்ஸை மறந்துவிட்டு அதற்கு முந்தைய பஸ்ஸைக் குறியுங்கள். கிராம பஸ் ஒரு டிரிப் ரத்தானால் யாரும் அறிவிப்பதில்லை.

3. அந்த நேரத்துக்கு அரைமணி முன்னால் அடிவாரத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து இறங்கும் நேரத்தைக் கழியுங்கள். பாறை மலையில் ஏற எவ்வளவு ஆகுமோ கிட்டத்தட்ட அவ்வளவு இறங்கவும் ஆகும். பாதி நேரத்தில் இறங்கிவிடலாம் என்ற கணக்கு படிக்கட்டில்கூடப் பலிக்காது.

4. மீதி இருப்பதுதான் ஏறுவதற்கும் உச்சியில் உட்காருவதற்கும். அந்த நேரம் தீர்ந்தால் உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள்.

சூரியன் மறையும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசியில் பெங்களூரில் ஆறு மணிக்குள் மறைந்துவிடும், ஜூலையில் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்வரை வெளிச்சம் இருக்கும். குளிர்காலம் நடக்கச் சுகமான காலம், ஆனால் சாயங்கால வெளிச்சம் ஒரு மணிநேரம் குறைவு.

எங்கே ஏறுவது

எல்லாவற்றுக்கும் ஊரின் நடுவில் உள்ள மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. அல்சூர், சிவாஜிநகர், காக்ஸ் டவுன் பக்கம் இருப்பவர்கள் மெட்ரோவில் ஊரின் விளிம்புக்குப் போய் அங்கே ஏறினால் முக்கால் மணிநேரம் மிச்சம். தும்கூர் ரோட்டுக்கு கோரகுண்டேபாளையா அல்லது ஜாலஹள்ளி கிராஸ், மைசூர் ரோட்டுக்கு கெங்கேரி, கோலார் பக்கம் கே.ஆர்.புரம், சிக்கபள்ளாபுரத்துக்கு ஹெப்பாள், அங்கே மட்டும் மெட்ரோ இல்லை, நகர பஸ்ஸில்தான் போக வேண்டும். மாகடி ரோட்டுக்கு மட்டும் மெஜஸ்டிக்கிலேயே ஏறுவது நல்லது, நடுவில் ஏறினால் சீட் கிடைக்காது. மைசூர் பக்கம் போகும் பஸ்கள் மெஜஸ்டிக்கிலிருந்து அல்ல, மைசூர் ரோடு சாட்டிலைட் ஸ்டாண்டிலிருந்து புறப்படும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்ணி இருக்கிறது. வாரநாளில் விடியற்காலை ஐந்து மணிக்கே ஓடும் மெட்ரோ அன்று ஏழு மணிக்குத்தான் தொடங்கும். மெட்ரோவை நம்பினால் மலையடிவாரம் போய்ச்சேரப் பத்து மணி, அதற்குள் பாறை சுட ஆரம்பித்திருக்கும். சனிக்கிழமை போங்கள், அல்லது ஞாயிறு அதிகாலை பி.எம்.டி.சி. நகர பஸ்ஸில் கிளம்புங்கள்.

அடுத்தது நான்ஸ்டாப் பஸ். தும்கூர் நான்ஸ்டாப் தாபஸ்பேட்டையில் நிற்காமல் மேம்பாலத்தில் ஏறிப் போய்விடும். 2023-இல் திறந்த மைசூர் விரைவுச்சாலையில் போகும் பஸ் ராமநகராவுக்குள் நுழைவதே இல்லை, ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். ஏறுவதற்கு முன் படியில் நின்றபடியே, "தாபஸ்பேட்டெயல்லி நில்ஸ்தீரா?" (தாபஸ்பேட்டையில் நிறுத்துவீர்களா) என்று கேட்டுவிடுங்கள். ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டால் பலனில்லை.

பஸ்ஸின் பெயர்ப்பலகை, குறிப்பாகக் கிராம பஸ்ஸில், கன்னடத்தில் மட்டும்தான் இருக்கும். தமிழும் கன்னடமும் காதுக்கு நெருக்கம், கண்ணுக்கு இல்லை. போகும் ஊரின் பெயரைக் கன்னடத்தில் பெரிய எழுத்தாக போனில் படமாக வைத்துக்கொண்டு பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெண்களுக்கான சக்தி திட்டம் பற்றிப் பலருக்குக் குழப்பம். 2023 ஜூன் 11 முதல் சாதாரண, எக்ஸ்பிரஸ் அரசு பஸ்களில் இலவசம்தான், ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஆதாரில் இன்னும் வேலூர், திருப்பத்தூர் முகவரி இருந்தால் முழு டிக்கெட். இருபது வருஷமாக ஸ்ரீராமபுரத்தில் குடியிருந்தாலும் கண்டக்டர் பார்ப்பது அட்டையில் உள்ள முகவரியைத்தான். ஏசி பஸ்களிலும் ராஜஹம்சா சொகுசு பஸ்களிலும் யாருக்கும் இலவசமில்லை. கோயில் ஊருக்குப் போகும் பஸ் வார இறுதியில் நிரம்பி வழிவதற்கு இந்தத் திட்டமும் ஒரு காரணம். பஸ் புறப்படும் இடத்துக்கே போய் ஏறினால்தான் உட்கார முடியும்.

சிவகங்கே: முதல்முறை போகிறவர்களுக்கு

நமக்கு சிவகங்கை என்றால் மதுரைக்கு அந்தப்பக்கம். இது தும்கூர் ரோட்டில், தாபஸ்பேட்டையிலிருந்து சுமார் எட்டுக் கிலோமீட்டர் தள்ளி. முழுக்கப் படிதான், வழி தவறவே முடியாது, நடுவில் மோர்க்கடையும் வெள்ளரிக்காய்க் கடையும் உண்டு. அதனால்தான் இதை முதலில் வைக்கிறோம். ஆனால் படிதானே என்று இளக்காரமாக ஏறினால் மேல் பாதி பாடம் கற்பிக்கும்.

ஆறரைக்கு கோரகுண்டேபாளையாவில் ஏறுங்கள். எட்டு மணிக்குள் தாபஸ்பேட்டை. இறங்கியதும் டிபனை முடித்துவிடுங்கள், அடிவாரக் கடைகளை நம்ப வேண்டாம். பஸ் உடனே இல்லையென்றால் ஷேர் ஆட்டோ. ஆட்டோக்காரர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது உதவும். போகவர என்று பேசினாலும் முழுப்பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிடாதீர்கள்.

ஒன்பது மணிக்குப் படியில் கால் வைத்தால் நிதானமாக இரண்டு மணிநேரம். முதல் பகுதி அகலமான படி, கங்காதரேஸ்வரர் கோயில் வரை. இங்கே லிங்கத்தின் மேல் தேய்க்கும் நெய் வெண்ணெயாக மாறுகிறது என்பது பிரசித்தமான நம்பிக்கை. திங்கட்கிழமை, சிவராத்திரி, சங்கராந்தி நாட்களில் கூட்டம் இந்த இடத்திலேயே தேங்கிவிடும். நடக்க வந்தவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது உத்தமம். கொஞ்சம் மேலே பாறைக்குள் இருக்கிறது ஒளகல் தீர்த்தம். சின்னக் குழிக்குள் கையை விட்டால் தண்ணீர் தட்டுப்படும் என்று வரிசையில் நிற்பார்கள். போகும்போது வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிட்டுத் திரும்பும்போது பாருங்கள்.

அதற்கு மேலேதான் செங்குத்து ஆரம்பம். பாறையிலேயே வெட்டிய குறுகலான படிகள், சில இடத்தில் முழுப் பாதம் வைக்க இடமில்லை. இருபக்கமும் இரும்புக் கம்பி. இங்கே நடக்கும் தவறு, கம்பியைப் பிடித்துக் கையால் உடம்பை இழுப்பது. நூறு படியில் தோள் ஓய்ந்துவிடும். பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்துக் காலால் தள்ளுங்கள், கம்பி சமநிலைக்கு மட்டும். பதினொரு மணிக்கு மேல் அந்தக் கம்பி தொட முடியாமல் சுடும். ஒரு கர்ச்சீப் கையில் இருந்தால் பிழைத்தீர்கள்.

உச்சிக்குக் கீழே தனிப்பாறையில் செதுக்கிய நந்தி. அதைச் சுற்றிவர இருக்கும் இடம் மிகக் குறுகல், ஒருவர் வந்த பிறகுதான் அடுத்தவர் போக வேண்டும். உச்சியில் ஹொய்சள அரசி சாந்தலையின் பெயரால் வழங்கும் செங்குத்துப் பள்ளம் இருக்கிறது. கம்பிக்கு அந்தப்பக்கம் போய் போட்டோ எடுக்கும் வேலை வேண்டாம், காற்று அங்கே திடீரென்று அடிக்கும்.

பிறகு குரங்கு. சிவகங்கேயின் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் கவர் என்றால் தின்பண்டம் என்று அர்த்தம். கையில் கவர் தொங்கினால் பறிக்கும், பைக்குள் இருந்தால் விட்டுவிடும். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலையும் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். பறித்துவிட்டால் திரும்பப் பிடுங்கப் போகாதீர்கள். கடித்தால் வெறிநாய்க்கடி ஊசியில் போய் நிற்கும்.

பன்னிரண்டு மணிக்கு இறங்கத் தொடங்கினால் ஒன்றரைக்கு அடிவாரம். தாபஸ்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு இரவுவரை பஸ் கவலை இல்லை.

சாவனதுர்கா: பாறையில் நடக்கத் தெரிந்தால்

1,226 மீட்டர் உயரம், ஆசியாவின் மிகப்பெரிய ஒற்றைக்கல் மலைகளில் ஒன்று. 1791 டிசம்பரில் கார்ன்வாலிஸின் படை திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை இதுதான். இடிந்த மதில்கள் ஏறும் வழியில் குறுக்கே வரும். கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரண்டு திரட்சிகள், அதாவது கறுப்பு மலை, வெள்ளை மலை. மக்கள் ஏறுவது கரிகுட்டா. வெள்ளை மலைப்பக்கம் கயிறும் பயிற்சியும் இல்லாதவர்களுக்கு வேலை இல்லை.

மெஜஸ்டிக்கிலிருந்து மாகடி ஒன்றரை முதல் இரண்டு மணிநேரம். மாகடியிலிருந்து அடிவாரம் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு பஸ் குறைவு என்பதால் ஆட்டோவுக்குப் பணம் ஒதுக்கியே கிளம்புங்கள், மூன்று நான்கு பேராகப் போனால் உறுத்தாது. அடிவாரத்தில் சாவந்தி வீரபத்திரசாமி கோயிலும் லட்சுமி நரசிம்மசாமி கோயிலும் இருக்கின்றன.

இங்கே படி கிடையாது. வழுவழுவென்று சாய்ந்த கருங்கல், அதில் பெயிண்டால் போட்ட அம்புக்குறி. அம்புக்குறி வெயிலில் மங்கியிருக்கும். ஐந்து நிமிஷம் நடந்தும் அடுத்த குறி தென்படவில்லை என்றால் முன்னே போய்த் தேடாதீர்கள், கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்புங்கள். ஏறும்போது சுலபமாகத் தெரியும் குறுக்குவழி இறங்கும்போது கீழே எதுவும் தெரியாத வளைவில் கொண்டுபோய் விடும். பாறை உருண்டையாகச் சரிவதால் நிற்கும் இடத்திலிருந்து இருபதடி கீழே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

பாறையை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வெளிர்நிறமாய், தொட்டால் சொரசொரவென்று இருக்கும் இடம் காலைக் கவ்விப் பிடிக்கும். மேலிருந்து கீழே கறுப்பு நாடா தொங்கவிட்டது மாதிரி கோடுகள் தெரியும். மழைத்தண்ணீர் வழிந்து பாசி படிந்த தடம் அது. காய்ந்திருக்கும்போது ஒன்றும் செய்யாது, லேசாக ஈரம் பட்டால் சோப்பு. காலைப் பனியே போதும். இன்னொரு எதிரி, பாறை உதிர்ந்து கிடக்கும் சரளைத்தூள். காலுக்கடியில் ராகி மணி கொட்டியது மாதிரி உருளும். மிதிக்கும் முன் ஷூவால் ஒதுக்கிவிடுங்கள்.

ஏறும்போது பயத்தில் எல்லோரும் பாறையோடு ஒட்டிக் குனிவார்கள். குனியக் குனிய உடம்பின் எடை பாதத்தை விட்டு முன்னே போய்விடும், கால் பின்பக்கம் வழுக்கும். நிமிர்ந்து, முழுப்பாதம் பாறையில் பதிய, சின்னச் சின்ன அடி. இறங்கும்போது முழங்காலை மடக்கி, கொஞ்சம் உட்கார்ந்த மாதிரி. செங்குத்தான இடத்தில் உட்கார்ந்து நகர்ந்து இறங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை, பேன்ட் மட்டும் தேயும். அடித்தோல் தேய்ந்த பழைய ஓட்டப்பயிற்சி ஷூ, தோல் செருப்பு இரண்டும் இங்கே ஆபத்து. ரப்பர் அடி வைத்த சாதாரண கான்வாஸ் ஷூகூட அவற்றைவிட மேல்.

ஏற இரண்டரை மணிநேரம், இறங்கவும் அதற்கு அருகில். உச்சியில் சின்ன நந்தி மண்டபம். நிழல் வழியில் கிட்டத்தட்ட இல்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அதில் ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று கலந்தது. பாறைக்குழிகளில் நிற்கும் தண்ணீரைக் குடிக்காதீர்கள். சுற்றியுள்ள காட்டில் சிறுத்தையும் கரடியும் உண்டு, இருட்டுவதற்கு முன் இறங்கச் சொல்வது அதற்கும் சேர்த்துத்தான். அருகிலுள்ள மஞ்சனபெலே அணைக்கட்டில் வியர்வையைக் கழுவலாம் என்று இறங்க வேண்டாம், ஆழம் தெரியாத தண்ணீர்.

நந்தி: காலால் ஏறி பஸ்ஸில் இறங்கலாம்

நந்தி மலை உச்சிக்கே, 1,478 மீட்டர் வரை, பஸ் போகிறது. நேரடி பஸ் குறைவு. சூரியோதயம் பஸ்ஸில் வருபவர்களுக்கு வாய்க்காது, அந்த ஆசையை விட்டுவிட்டால் நல்ல நாள் ஒன்று கிடைக்கும். சிக்கபள்ளாபுரம் போய், அங்கிருந்து நந்தி கிராமத்தில் இறங்கி போகநந்தீஸ்வரர் கோயிலைப் பாருங்கள். கோயில்குளத்தின் படிக்கட்டுகள் மட்டுமே அரைமணி பார்க்கத் தகும். பிறகு சுல்தான்பேட்டையிலிருந்து பழைய கல்படி வழியாக ஏறுங்கள். 1,175 படி என்பது வழக்கமான எண்ணிக்கை, ஒரு மணி அல்லது ஒன்றேகால் மணிநேரம் பிடிக்கும். வார இறுதியில் வாகனங்கள் மலைப்பாதையில் வரிசைகட்டி நிற்கும்போது படியில் நடப்பவர்கள் முன்னால் போய்ச்சேர்ந்துவிடுவார்கள்.

மேலே டிக்கெட் எடுத்து நுழைந்ததும், கீழே போகும் பஸ்ஸின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த வழிதான் சரி: ஏற்றம் காலில், இறக்கம் பஸ்ஸில். பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால் படியிலேயே இறங்கும் அளவுக்கு வெளிச்சம் மீதம் வைத்திருங்கள். பாலாறும் தென்பெண்ணையும் இந்த மலைத்தொடரின் பக்கம்தான் பிறக்கின்றன. வாணியம்பாடிக்காரருக்கும் கிருஷ்ணகிரிக்காரருக்கும் இது ஊராற்றின் தலைமாடு.

அந்தரகங்கே

கோலார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலு கிலோமீட்டருக்குள், ஆட்டோவில் பத்து நிமிஷம். நான்கில் கடைசிக் கிலோமீட்டர் தொல்லை இல்லாதது இது ஒன்றுதான். தங்கவயல்காரர்கள் மாரிகுப்பம் ரயிலில் பங்காரப்பேட்டை வந்து அங்கிருந்து கோலாருக்கு பஸ் பிடிக்கலாம். கல்படி ஏறினால் காசி விஸ்வேஸ்வரர் கோயில், கல் நந்தியின் வாயிலிருந்து விழும் ஊற்றுத் தண்ணீர். கோயிலுக்குப் பின்னால் பாறைக்குவியல்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை மேலேறி, மலைமேல் இருக்கும் தேரஹள்ளி பக்கம் கொண்டுவிடும்.

குகைகள் என்று சொல்வது உண்மையில் பெரும்பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்ததால் உண்டான இடுக்குகள். சிலவற்றில் பையைக் கழற்றி முன்னால் தள்ளிவிட்டு உடம்பை நுழைக்க வேண்டும். உள்ளூர் ஆள் துணையில்லாமல், டார்ச் இல்லாமல் நுழையாதீர்கள். போன் வெளிச்சம் போதாது, ஊர்ந்து போகும்போது கையும் காலியாக இருக்காது.

அனுமதிச் சீட்டு வேண்டிய மலைகள்

ஸ்கந்தகிரி, மாகளிதுர்கா மாதிரி வனத்துறையின் பொறுப்பில் உள்ள வழிகளுக்கு வனத்துறையின் அரண்ய விஹார இணையதளத்தில் முன்பதிவு கட்டாயம். சாவனதுர்காவுக்கும் கிளம்பும் முன் அதே தளத்தில் பார்த்துவிடுங்கள். 2024 ஜனவரியில் குக்கே சுப்ரமணியா பக்கத்துக் குமாரபர்வத மலையில் கூட்டம் கட்டுமீறியதற்குப் பிறகு கெடுபிடி அதிகம். அடையாள அட்டையின் அசல் வேண்டும். அதிகாலை நேரச்சீட்டை எடுக்காதீர்கள், முதல் பஸ்ஸில் போனாலும் அந்த நேரத்துக்கு எட்ட முடியாது, பணம் போய்விடும். மாகளிதுர்காவுக்கு தொட்டபள்ளாபுரம் வழியாகப் போகலாம், பக்கத்திலேயே ரயில் நிலையமும் உண்டு. தண்டவாளத்தின் மேல் நடந்து அடிவாரம் போவது ஒரு காலத்து வழக்கம். அது குற்றம் என்பதோடு, வளைவில் வரும் ரயில் காற்றடிக்கும்போது காதில் விழாது. ராமநகராவில் ராமதேவர பெட்டா 2012 முதல் பிணந்தின்னிக் கழுகுச் சரணாலயம். கோயில் வரை படியேறலாம், பாறையேறுவதற்கு அனுமதி இல்லை.

எப்போது போகக் கூடாது

ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை. மொட்டைப் பாறையில் உயரமாக நிற்பது நீங்கள் மட்டும்தான், மின்னலுக்கு அது போதும். அந்த இரண்டு மாதமும் பதினொரு மணிக்குள் இறங்கிவிட முடியாவிட்டால் போகவே வேண்டாம். செப்டம்பர், அக்டோபரில் பெங்களூரில் மழை உச்சம். அப்போது சிவகங்கே சரி, சாவனதுர்கா கூடாது. மலைத்தேனீக் கூடுகள் பாறைமுகட்டில் தொங்கும். செண்ட் அடித்துக்கொண்டு போவது, பீடி சிகரெட், கூச்சல் மூன்றும் அவற்றைக் கிளப்பிவிடும். கிளம்பிவிட்டால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓடுங்கள், கையை வீசாதீர்கள்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை, எலுமிச்சை சாதம் எவர்சில்வர் டப்பாவில். தயிர்சாதம் பத்து மணி வெயிலிலேயே புளித்துவிடும். சில்லறையாக முந்நூறு ரூபாய் தனியாக வையுங்கள், அடிவாரத்தில் சிக்னல் போனால் போனில் பணம் கட்ட முடியாது.

கடைசி பஸ் போய்விட்டால் ரோட்டில் நடக்கத் தொடங்காதீர்கள். கோயில் வாசலிலோ டீக்கடையிலோ நில்லுங்கள். பூக்கடைக்காரர், பூசாரி, பால்வண்டி, சாமான் டெம்போ, யாராவது ஊருக்குள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். காலையில் வாங்கி வைத்த ஆட்டோக்காரர் நம்பர் உதவுவதும் இப்போதுதான், இரட்டிப்பு வாடகை கேட்டால் கொடுத்துவிடுங்கள். மாகடியிலோ தாபஸ்பேட்டையிலோ கொண்டுவிட்டால் போதும், அங்கிருந்து பெங்களூருக்கு பஸ் கிடைத்துவிடும்.